கருணைக்கு விலை கொடுப்பவர் யார்?

சங்க மலர் என்றால் சிலம்பின் பெருமையையோ, கம்பனின் கவிநயத்தையோ, வள்ளுவர் வகுத்த அறத்தையோ எழுதுவது மரபு. முந்தைய மலர்களில் நாமும் அம்மரபை மீறியதில்லை. இம்முறை தெருநாயைப் பற்றி எழுதப் போகிறோம் என்று மலர்க்குழு நண்பரிடம் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாயைப் பற்றி இலக்கிய மலரில் எழுத என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டார்.

நாயைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லாமல் இருக்கலாம். நாயின் பொருட்டு மனிதர் மனிதரோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்களே, அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. 2025ஆம் ஆண்டு தலைநகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேசாத குடும்பம் இராது. பொங்கல் விழாவில் ஒன்றாக நின்று பானை வைத்தவர்கள்கூட இவ்விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். ஓர் உயிரின் இன்ப துன்பத்துக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்னும் பழைய கேள்வி, தத்துவ நூல்களை விட்டு இறங்கி, நம் குடியிருப்பின் வாசற்படியில் வாலைச் சுருட்டிப் படுத்துக் கொண்டது.

பத்து நாட்கள்

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலை. எங்கள் அரசுக் குடியிருப்பில், திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவரின் எட்டு வயது மகன் பால் வாங்கிக் கொண்டு திரும்பும்போது கெண்டைக்காலில் நாய் கடித்துவிட்டது. கடித்தது பழுப்பு நிற நாய். புதிதாக வந்ததன்று. அடுத்த பிளாக்கில் மகனோடு வசிக்கும் எழுபது வயது அம்மையார் ஒருவர் நாள்தோறும் ரொட்டி வைக்கும் ஏழெட்டு நாய்களுள் அதுவும் ஒன்று.

நண்பர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினார். அன்றிரவே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போடப்பட்டது. நம் தலைமுறைக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம்தான் நினைவுக்கு வரும். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர் உருவாக்கினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அதுவே நமக்குக் கிடைத்த மருந்து. இப்போது அது கைவிடப்பட்டுவிட்டது. கையிலே சில ஊசிகள், காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்து, அவ்வளவே. ஆயினும் நோய் முற்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்பது மட்டும் அன்றும் இன்றும் மாறாத உண்மை.

மருத்துவர் ஒன்று சொல்லி அனுப்பினார். கடித்த நாயைப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருந்திருக்காது என்று கொள்ளலாம். ஊசியை நிறுத்த வேண்டாம்; மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும்.

அந்தப் பத்து நாட்களும் நாம் கண்ட காட்சி மறக்க முடியாதது. நண்பர் காலையில் எழுந்து பல் துலக்குமுன் அந்த நாயைத் தேடிக் கொண்டு போவார். அம்மையாரும் அங்கே வந்து நிற்பார். ரொட்டியைத் தின்கிறதா, தண்ணீரைக் குடிக்கிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா என்று இருவரும் உற்று நோக்குவார்கள். நாய் ஒருநாள் பகல் முழுதும் கண்ணில் படவில்லை. அன்று நண்பர் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தேடினார். அம்மையார் முழங்கால் வலியோடு பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அது மின்மாற்றி அறைக்குப் பின்னால் உறங்கிக் கொண்டிருந்தது. அதைக் கண்டதும் இருவர் முகத்திலும் ஒரே விதமான மலர்ச்சி தோன்றியது. ஒருவர் தம் மகனுக்காக மகிழ்ந்தார். மற்றவர் நாய்க்காக மகிழ்ந்தார். இரண்டு மகிழ்ச்சியும் அந்தப் பத்து நாட்களுக்கு ஒரே உயிரைப் பற்றி நின்றன.

பதினோராம் நாள் நாய் வாலாட்டிக் கொண்டு வந்தது. பன்னிரண்டாம் நாள் நண்பர், அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று மனு எழுதினார். அம்மையார் அவரோடு பேசுவதை நிறுத்திக் கொண்டார்.

சட்டம் சொன்னதும் எண்கள் சொல்வதும்

அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, தலைநகர் வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பிடங்களில் அடைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நாடெங்கும் ஆதரவும் எதிர்ப்புமாக ஆரவாரம் எழுந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்த பின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும், மூர்க்கமானவையும் விடப்படலாகா. கண்ட இடத்தில் உணவிடுதல் கூடாது. வார்டுதோறும் உணவிடத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று அவ்வாணை கூறிற்று. நவம்பர் 7ஆம் நாள் வந்த மற்றோர் ஆணை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றைத் திரும்ப அங்கேயே விடாதிருக்கவும் பணித்தது. ஒரே நீதிமன்றம் நான்கு மாதங்களுக்குள் மூன்று விதமாக எடை போட்டது என்று நகைத்தவர் உண்டு. நமக்கு அது நகைப்பாகத் தோன்றவில்லை. தராசின் இரு தட்டிலும் உண்மையான கனம் இருந்தால் முள் ஆடத்தான் செய்யும்.

அந்தக் கனத்தைச் சற்றுப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டில் 1.53 கோடி தெருநாய்கள் இருப்பதாகக் கூறியது. 2024ஆம் ஆண்டில் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. உலகில் வெறிநோயால் இறப்பவருள் நூற்றுக்கு 36 பேர் இந்தியர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் பெரும் பங்கினர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்.

மறு தட்டில் என்ன இருக்கிறது? பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் நம் தமிழகத்து ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டு வந்த தனி மசோதாவை, அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதிமொழியின் பேரில் திரும்பப் பெற்றார். பின்னர் 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்துக் கருணை காட்டுவதும் ஒன்று. கருணையைக் கடமை என்று சட்டத்தில் எழுதி வைத்த நாடு நம் நாடு.

பூசல் இன்று பிறந்ததன்று. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லுமாறு ஆங்கில அதிகாரிகள் ஆணையிட்டபோது பார்சி மக்கள் கடைகளை அடைத்துக் கலகமே செய்தனர். 1910இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து நாய்களைப் பல்லாயிரக் கணக்கில் பிடித்து ஆளில்லாத தீவொன்றில் கொண்டு போய் விட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் அவை செத்து மடிந்தன. ஊர் தூய்மையாயிற்று என்று மகிழ எண்ணியவர்களால் மகிழ முடியவில்லை.

இவற்றுள் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது 1926இல் அகமதாபாத்தில் நிகழ்ந்தது. அங்கே ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். அகிம்சையே உயிரெனக் கொண்ட காந்தியடிகள் அவரைக் கண்டிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அடிகளோ, வேறு வழி யாது என்ற கருத்தில் பதில் அளித்தார். கடிதங்கள் குவிந்தன, வசைகளும் வந்தன. "யங் இந்தியா" இதழில் தொடர்ந்து எழுதினார். ஊரில் உரிமையாளர் இல்லாத நாய் திரிவது அந்த ஊரின் கருணைக்குச் சான்றாகாது, அது அவ்வூரின் அறியாமைக்கும் சோம்பலுக்கும் சான்று. வளர்க்கும் பொறுப்பை ஏற்காமல் ஒரு துண்டு ரொட்டியை எறிந்துவிட்டுப் போவது அறமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று கருத்தடையும் தடுப்பூசியும் இன்றுள்ள நிலையில் இல்லை. ஆதலின் அவர் கண்ட முடிவை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

முன்னோர் கொடுத்த விலை

நம் இலக்கியத்தில் அருளுக்குக் குறைவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை போர்த்தினான் பேகன். புறாவுக்காகத் தன் தசையை அரிந்தான் சிபி. கன்றை இழந்த பசுவின் துயருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன். இவற்றைப் பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டு வருகிறோம். மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்தும் விட்டோம்.

இக்கதைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு செய்தி புலப்படுகிறது. பாரி கொடுத்தது தன் தேர். பேகன் கொடுத்தது தன் போர்வை. சிபி அரிந்தது தன் தொடை. சோழன் பலியிட்டது தன் மகனை. கருணை கொண்டவன் எவனோ, விலையும் அவனே கொடுத்தான். அடுத்த வீட்டுக்காரனின் போர்வையை எடுத்து மயிலுக்குப் போர்த்தியிருந்தால் பேகன் வள்ளல்கள் வரிசையில் இடம் பெற்றிருப்பானா?

இந்த அளவுகோலை நம் குடியிருப்புக்குக் கொண்டு வருவோம். நாய்க்கு ரொட்டியிடும் அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து மாவு வாங்குகிறார். அது அவர் கொடுக்கும் விலை; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ரொட்டியை நம்பி வாசலிலே கூடும் நாய்க்கூட்டம் ஒரு நாள் கடிக்குமானால், அந்த விலையைக் கொடுப்பது பால் வாங்கப் போன சிறுவனின் கால். விடியற்காலை செய்தித்தாள் போடுகிறவர், குப்பை வண்டி தள்ளுகிறவர், இரவுக் காவலர், இரவுப் பணி முடிந்து நடந்து வருகிறவர், இவர்களைத்தான் நாய் துரத்துகிறது. காரில் வந்து இறங்குபவரைத் துரத்துவதில்லை. கருணை ஒருவருடையது, கடி வேறொருவருடையது என்றால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

அதே அளவுகோல் மறுதரப்பையும் அளக்கும். நாய்களை எல்லாம் எங்காவது கொண்டு போய் விடுங்கள் என்று மனு எழுதுபவர் என்ன விலை கொடுக்கிறார்? ஒரு தாளும் ஒரு கையெழுத்தும். மீதி விலை முழுவதையும் நாய் கொடுக்கிறது. பிறந்த தெருவை விட்டுப் பிரிந்து, அறிமுகமற்ற நூறு நாய்களோடு ஒரு கொட்டடியில் அடைபட்டுக் கொடுக்கிறது. நமக்குத் தெரியாத இடத்தில் நிகழும் துன்பம் துன்பமே அன்று என்று எண்ணிக் கொள்வது மனித மனத்துக்கு எளிது. அச்சத்தின் பெயரால் செலவிடப்படுவதும் பிறர் பொருளே.

ஐந்தறிவின் இன்பம்

இங்கே ஒரு வாதம் எழும். மனிதக் குழந்தையின் பாதுகாப்பும் நாயின் மகிழ்ச்சியும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையா? தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். விலங்கு ஐந்தறிவுடையது, மனிதன் ஆறறிவுடையவன். ஓர் அறிவு கூடுதல் என்பதால் உரிமையும் கூடுதல் என்பர் சிலர். நாம் கல்லூரியில் பயின்ற காலத்தில், ஆங்கில அறிஞர் பெந்தாமின் கருத்தொன்றைத் தத்துவப் பேராசிரியர் எடுத்துரைத்தார். விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்று கேட்காதே. துன்புறுமா என்று கேள் என்பது அதன் கருத்து. தொல்காப்பியத்தின் வழி நின்றே இதற்கு விடை காணலாம். துன்பத்தை உணர ஐந்து அறிவு போதும். ஆறாவது அறிவு துன்பத்தைக் கூட்டுவதற்காக வந்ததன்று. பிறர் துன்பத்தை எடை போடுவதற்காக வந்தது. ஆதலின் கூடுதல் அறிவு கூடுதல் பொறுப்பையே தருகிறது.

சரி, எடை போடத் தொடங்குவோம். சிறுவனின் பக்கத்தில் முதலில் வருவது உயிர். வெறிநோய் வந்தால் மீட்பில்லை. மீட்க முடியாத இழப்பை மீட்கக்கூடிய இழப்போடு சமமாக வைக்கலாகாது. நாயின் சுதந்திரம் குறையலாம். குழந்தையின் உயிர் போகலாகாது. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

நாயின் பக்கத்திலும் ஒரு கனம் உண்டு. சிறுவனுக்கு நாம் விளக்கிச் சொல்லலாம். "இந்த வழியாகப் போகாதே, ஓடாதே, அது தின்னும்போது அருகே செல்லாதே" என்று கற்பிக்கலாம். ஊசி வலிக்கும்போது, இன்னும் இரண்டுதான் பாக்கி என்று தேற்றலாம். நாய்க்கு எதையும் விளக்க முடியாது. கூண்டிலே அடைபட்ட நாய்க்கு, ஏன் அடைத்தார்கள், என்று விடுவார்கள் என்பது தெரியாது. அதன் மனத்தில் அந்தக் கூண்டுக்கு முடிவே இல்லை. அறிவு குறைந்த உயிர் என்பதனாலேயே சில துன்பங்கள் அதற்கு எல்லையற்றவையாகின்றன. இதையும் எண்ணாமல் தீர்ப்புச் சொல்லலாகாது.

துன்பம் வேறு, இன்பம் வேறு என்ற பிரிவையும் இங்கே காண வேண்டும். எந்த உயிர்க்கும் வீணாகத் துன்பம் இழைக்காதிருத்தல் எல்லோருக்கும் பொதுவான கடமை. நாயைக் கல்லால் அடிக்கவும், நஞ்சு வைக்கவும், கொதிநீர் ஊற்றவும் எவருக்கும் உரிமையில்லை, கடிபட்டவருக்கும் இல்லை. ஆனால் நாயின் மகிழ்ச்சிக்கு வழி செய்தல் எல்லோர் மீதும் சுமத்தத் தக்க கடமையா? மாலையில் பூங்காவில் வளர்ப்பு நாயைச் சங்கிலியில்லாமல் விட்டு, அது துள்ளி ஓடும் அழகைக் கண்டு களிப்பவர்கள் இருக்கிறார்கள். "ஒன்றும் செய்யாது, விளையாடத்தான் வருகிறது" என்று தூரத்திலிருந்தே கூவுவார்கள். அது நட்போடு தாவுவது அவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து, மொழி தெரியாத ஊரில் மாலை நேரம் பூங்காவில் தனியே உலவும் பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? அந்த நாயின் ஓட்டம் உண்மையான இன்பந்தான். ஆயினும் அது வளர்ப்பவர் தேடித் தர வேண்டிய இன்பம். பாட்டியின் அச்சத்தைச் செலவிட்டு வாங்கத் தக்கதன்று.

எனவே நாம் காணும் முடிவு இது. நாயின் துன்பம் ஊருக்குப் பொது. அதைத் தவிர்ப்பது எல்லோர் கடனும் ஆகும். நாயின் இன்பம், அதனோடு உறவு பூண்டவரின் பொறுப்பு.

உறவு என்னும் கட்டு

உறவு என்று சொன்னோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரன் ஒருவனுக்காக நட்ட கல். அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நாய்க்கும் பெயர் எழுதி வைத்த இனம் நம் இனம். பெயரிட்டுவிட்டால் அது வெறும் நாயாக இருப்பதில்லை.

பாரதத்தின் முடிவில் தருமபுத்திரர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுத்த கதை எல்லோரும் அறிந்தது. அவர், உலகத்து நாய்களையெல்லாம் விண்ணுலகில் சேர்க்க வேண்டும் என்று வழக்காடவில்லை. தம்மை நம்பி வந்த ஒன்றைக் கைவிட மாட்டேன் என்றார். தம் விண்ணுலகத்தையே அதற்கு விலையாக வைத்தார். கடமை உறவிலிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு நம்மைப் பற்றிய ஒன்றை மறைப்பது நேர்மையாகாது.

2016இல் மத்திய அமைச்சரவை தலைநகரில் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. அப்போது நாம் வசித்தது அவற்றுள் ஒன்றில். நம் வீட்டு வாசலில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. அண்டை வீட்டார் அதைக் காலூ என்பர். நாம் மணி என்று அழைத்தோம். மூன்று ஆண்டுகள் நம் வீட்டுத் தயிர்ச்சோற்றைத் தின்றது. குழந்தைகள் பள்ளிப் பேருந்து ஏறும் வரை உடன் நடந்தது. டில்லியில் தமிழ் புரிந்த நாய் அது ஒன்றே என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வோம்.

குடியிருப்பைக் காலி செய்யும் ஆணை வந்தது. வேறொரு காலனியில் மூன்றாம் மாடியில் வீடு ஒதுக்கப்பட்டது. லாரியில் சாமான் ஏற்றிய நாளில் மணி சக்கரத்துக்கு அடியில் படுத்துக் கொண்டது. ஓட்டுநர் அதட்டி எழுப்பினார். மூன்றாம் மாடி, சிறிய வீடு, புதிய அக்கம்பக்கம், பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் நிறைய இருந்தன. தெருநாய்தானே, எங்கும் பிழைத்துக் கொள்ளும் என்றும் சொல்லிக் கொண்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். பாதி வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. ஆளில்லாத சுவர்களுக்கிடையில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் விலாவெலும்பு தெரியத் திரிந்தன. சில, மனிதரைக் கண்டதும் பல்லைக் காட்டி உறுமின. அவற்றுள் மணி இல்லை. காவலாளியைக் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.

அந்த நாய்களில் பலவற்றுக்கு யாரோ பெயர் வைத்திருப்பார்கள். நம்மைப் போன்ற அரசு ஊழியர்கள், மாற்றல் ஆணை கைக்கு வரும் வரை அவற்றின் மீது அன்பாக இருந்திருப்பார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். இடம் பெயர்வதன் துயரைக் கவிதையில் எழுதுகிறோம், மேடையில் பேசுகிறோம். நமக்கு மாற்றல் படி உண்டு, புதிய வீடு உண்டு, இங்கே வந்து சேர ஒரு சங்கமும் உண்டு. நாம் பெயரிட்டு அழைத்ததற்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மணியின் மகிழ்ச்சியை மூன்று ஆண்டுகள் நாம் அனுபவித்தோம். அதற்குரிய விலை கேட்கப்பட்ட அன்று கொடுக்க மறுத்தோம்.

பதிவேடு

ஆகஸ்டு மாத இறுதியில் குடியிருப்பு நலச்சங்கம் கூட்டம் போட்டது. நண்பர் நீதிமன்ற ஆணையின் முதல் நகலைக் கொண்டு வந்தார். அம்மையாரின் மகன் இரண்டாம் ஆணையின் நகலைக் கொண்டு வந்தார். குரல்கள் உயர்ந்தன. நண்பர் நம் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. உங்க பிள்ளையைக் கடிச்சிருந்தா இப்படி உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இருந்திருக்க மாட்டோம் என்றே பதில் சொன்னோம். மணியின் கதையையும் சொன்னோம். பிறகு அந்தப் பத்து நாட்களை இருவருக்கும் நினைவூட்டினோம். "பத்து நாள் நீங்கள் இருவரும் ஒரே நாயின் நலத்துக்காக விடியற்காலையில் எழுந்தீர்கள். அந்த நாய்க்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தால், அதைப் பற்றி ஒருவரிடம் குறிப்பும் இருந்திருந்தால், பையனுக்கு ஊசி தப்பியிராது. ஆனால் ஒரு தகப்பன் பத்து இரவு உறங்காமல் இருந்திருக்க வேண்டாம்" என்றோம். பேச்சு அதன் பிறகு தணிந்தது. நம் சொல்லின் வன்மையால் என்று கூற மாட்டோம். அம்மையார் அழுதார், அதைக் கண்டு எல்லோரும் குரலைத் தாழ்த்தினர்.

உடன்பட்டவை சிலவே. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இடம். இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே மட்டும் உணவு. தின்று முடியும் வரை அம்மையார் நின்று, இடத்தைத் துப்புரவு செய்துவிட்டுப் போக வேண்டும். நாய்கள் அனைத்துக்கும் தடுப்பூசியும் கருத்தடையும். ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவைத் தொடர்ந்து காத்து வந்தால், நோய் பரவுவது நின்றுவிடும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக் கொண்ட செய்தி. கருத்தடை செய்தால் குட்டிகள் குறையும். குட்டியைக் காக்கக் கடிக்கும் தாய் நாய்களும் குறையும். பழுப்பு நாயை நகராட்சிப் பணியாளர் கொண்டு போய், அறுவை செய்து, பார்வையில் வைத்திருந்து, மூர்க்கமில்லை என்று கண்டு திரும்பக் கொண்டு வந்து விட்டனர். அதன் இடக்காது நுனியில் இப்போது ஒரு வெட்டு இருக்கிறது.

பதிவேட்டை வைத்துக் கொள்ளும் பணி நமக்கு வந்தது. கோப்புக் கட்டியே பிழைப்பவனுக்கு வேறென்ன பணி தருவார்கள்? நிறம், அடையாளம், ஊசி போட்ட நாள், அறுவை நாள், பொறுப்பாளர் என்று ஐந்து கட்டங்கள் கீறினோம். பதினோரு நாய்கள். "பொறுப்பாளர்" என்ற கட்டத்தில் ஏழு வரிகளில் அம்மையாரின் பெயர். மூன்றில் வேறு சிலர். பழுப்பு நாயின் வரிக்கு வந்தபோது அம்மையார் பேனாவை எடுத்தார். நண்பர் வாங்கித் தம் பெயரையும் கீழே எழுதினார். "ஊசி போட்டதான்னு நான்தான் பாக்கணும், அண்ணாச்சி, எனக்குத்தான் தூக்கம் வரணும்" என்றார்.

பிணக்கு முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. சிறுவன் இன்றும் பால் வாங்கச் சுற்றுவழியாகவே போகிறான். அவனுடைய அச்சத்தைப் பதிவேட்டில் எழுதக் கட்டம் இல்லை. அம்மையாரின் முழங்கால் வலி கூடி வருகிறது. அவருக்குப் பின் அந்த ஏழு வரிகளை யார் ஏற்பார் என்பதும் தெரியவில்லை.

மலரைப் படிக்கும் அன்பர்களில் பலர் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். அடுத்த ஆணை வரும்போது எரிவாயு இணைப்பை மாற்றுவீர்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வாங்குவீர்கள். பால்காரரின் கணக்கைத் தீர்ப்பீர்கள். வாசலில் நீங்கள் பெயரிட்டு அழைத்த ஒன்று படுத்திருக்குமானால், அதன் கணக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கொள்ளுங்கள். உடன் அழைத்துச் செல்ல இயலாவிட்டால், பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையாவது எழுதி வைத்துவிட்டு லாரியில் ஏறுங்கள். நாம் அதைச் செய்யவில்லை.